மயக்கத்துக்கு முந்திய கேள்வி

புயல் வரும் என்று வானொலியில் சொன்ன அன்று காலை, திருகோணமலைப் பக்கத்துச் சல்லிக் கரையில் நின்ற ஆம்பிளைகள் எல்லோரும் வள்ளம் இழுத்துக்கொண்டிருந்தார்கள். வாடைக்காற்று இரண்டு நாளாகவே மூர்க்கமாக வீசியது. கடல் கலங்கிச் சாம்பல் நிறத்தில் எழும்பி, வழக்கமாக வலை காயப்போடுகிற இடம் வரைக்கும் வந்து நுரையைக் கக்கிவிட்டுத் திரும்பியது. என்ஜின்களைக் கழற்றிச் சுமந்து போனவர்கள் போக, மிச்சப் பேர் வள்ளத்தின் இரு பக்கமும் தோள் கொடுத்து, ஈரமணலில் உருளைக்கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுத் தென்னைகளுக்குக் கீழே ஏற்றினார்கள். ஒன்று ஏறியதும் மற்றதற்கு ஓடினார்கள். ஆருடைய வள்ளம் என்ற பேச்சு அன்றைக்கு இல்லை.

ஐந்தாவதோ ஆறாவதோ வள்ளத்தில்தான் இராகுலன் கையை விட்டான். விழவில்லை. தோளை எடுத்துவிட்டு, இரண்டு அடி பின்னால் போய், ஒரு கையால் கவட்டைப் பொத்திக்கொண்டு மணலில் குந்தினான். மற்றவர்கள் முதலில் கவனிக்கவில்லை. வள்ளம் ஏறி முடிந்து திரும்பிப் பார்த்தபோது அவனுடைய முகம் வெளிறி, வாயோரம் எச்சில் வழிந்திருந்தது.

அவனுக்குக் குடலிறக்கம் இருந்தது ஊருக்கே தெரியும். இடது கவட்டில், தொடையிடுக்கில், ஒரு கட்டி வரும். பாரம் தூக்கினால், இருமினால் வரும். வந்தால் எங்காவது ஒரு மறைவில் மல்லாந்து படுத்து, மூச்சை அடக்கிக் கையால் மெல்ல அமத்துவான். அது களக்கென்று உள்ளே போய்விடும். பிறகு எழும்பி வேலையைப் பார்ப்பான். கிளினிக்கில் காட்டியபோது சின்ன ஒப்பரேசன்தான், தள்ளிப்போடாதீர்கள் என்றுதான் சொன்னார்கள். தள்ளிப்போனது அவனுடைய அம்மா குணேஸ்வரியால். "என்ர பிள்ளைக்கு மயக்க மருந்து குடுக்க விடமாட்டன்" என்று ஒரே சொல்லில் நின்றாள். ஏன் என்று கேட்டால் பதில் வராது. இராகுலனும் வற்புறுத்தவில்லை. அவனுக்கும் உள்ளுக்குள் பயம்தான்.

அன்றைக்குக் கட்டி உள்ளே போகவில்லை.

அவனை இரண்டு பேர் தாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தபோது ஜெயரூபி கருவாட்டுப் பந்தலில் நின்றாள். கல்யாணம் முடித்து இந்த வீட்டுக்கு வந்த நாளில் இருந்து கருவாட்டு வேலை அவளுடையது. அரைகுறையாகக் காய்ந்த சாளையை அள்ளிக் கூடையில் போட்டு, மிச்சத்தைத் தறப்பாளால் மூடிக் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தவள், கையிலிருந்த கயிற்றை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தாள். காற்று தறப்பாளைத் தூக்கி அடித்தது. அதைத் திரும்பிப் பார்க்க ஒருவருக்கும் நேரமில்லை.

குணேஸ்வரி உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தாள். நல்லெண்ணெய் தடவினாள். கட்டி கல்லுப்போல இருந்தது, நிறமும் மாறிக்கொண்டு வந்தது. கொஞ்ச நேரத்தில் இராகுலன் சத்தி எடுக்கத் தொடங்கினான். முதலில் காலையில் குடித்த தேத்தண்ணி. பிறகு பச்சையாக.

"மாமி, காணும். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவம்" என்றாள் ஜெயரூபி.

"பொறு பிள்ளை. சூடு பட்டா இளகும்."

"இளகாது. நிறத்தைப் பாருங்கோ. உள்ளுக்கு என்னவோ நடக்குது."

"கொண்டுபோனா வெட்டுவினம்."

"வெட்டட்டும்!"

"உனக்குத் தெரியாது பிள்ளை. மயக்கிப்போட்டு வெட்டுவினம். மயக்கினா எழும்ப மாட்டான்."

"ஊரெல்லாம் ஒப்பரேசன் செய்துபோட்டு வந்து திரியினம். இவர் மட்டும் ஏன் எழும்பமாட்டார்?"

குணேஸ்வரி மறுபடி உப்பு முடிச்சை எடுத்தாள். இராகுலன்தான் பாயில் கிடந்தபடி, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்:

"அம்மா, எனக்கு ஏலாது. எங்கயாவது கொண்டு போங்கோ."

அந்த நேரத்தில் முனீப் வந்தது நல்லதாய்ப் போயிற்று. முனீப் நகரத்துக் கருவாட்டு வியாபாரி. மழைக்கு முன்னம் காய்ந்ததை ஏற்றிப்போக அவனுடைய சின்ன லொறியோடு வந்திருந்தான். கோலத்தைப் பார்த்ததும் ஏற்றியிருந்த பெட்டிகளை அவனே கீழே இறக்கினான்.

"பின்னால பாயப் போடுங்க. தலைமாட்டில ஒராள் இரிங்க. கெதியா" என்றான்.

மகள் பிரசாந்தினியைப் பக்கத்து வீட்டில் விட்டார்கள். லொறி சாம்பல்தீவுப் பாலத்தைக் கடக்கும்போது களப்புத் தண்ணீர் றோட்டின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. குழியில் சில்லு இறங்கும்போதெல்லாம் இராகுலன் கத்தினான். குணேஸ்வரி அவன் தலையை மடியில் வைத்து, மழைச்சாரல் படாமல் முந்தானையால் மூடிக்கொண்டு வந்தாள்.

ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை டொக்டர் கட்டியைத் தொட்டுப் பார்க்க அதிக நேரம் எடுக்கவில்லை. குடல் ஓட்டைக்குள் இறுகிப்போய் இரத்தோட்டம் நின்றுகொண்டிருக்கிறது, உடனே திறக்கவேண்டும் என்றார். சேலைன் ஏற்றினார்கள். மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய் விட்டார்கள். குழாயால் பச்சைத் தண்ணி இறங்கியது. ஜெயரூபி கையெழுத்து வைத்தாள். குணேஸ்வரி சுவரோடு ஒட்டி நின்றாள்.

பிறகு மயக்க மருந்து டொக்டர் வந்தா. பெயர் ரிஸ்லா, கிண்ணியாக்காரி. நாற்பது வயதிருக்கும். தலையை மூடிய துணிக்கு மேல் தியேட்டர் தொப்பி போட்டிருந்தா. அவசரமாக வந்தாலும், கட்டிலடியில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்துகொண்டுதான் கேட்டா.

"கடைசியா எப்ப சாப்பிட்டீங்க? என்ன மருந்து ஒத்துக்கொள்ளாது? முன்னம் ஒப்பரேசன் செய்திருக்கா? பல்லு ஏதும் ஆடுதா? வாயைத் திறங்க பார்ப்பம்."

இராகுலன் ஒவ்வொன்றுக்கும் மூச்சு வாங்கிக்கொண்டு பதில் சொன்னான்.

"குடும்பத்தில ஆருக்கும் மயக்க மருந்து குடுத்துப் பிரச்சினை வந்ததா? அம்மா, அப்பா, சகோதரம்?"

"இல்லை."

"ஒப்பரேசன் மேசையிலயோ, அது முடிஞ்ச கையோடயோ ஆரும் மௌத்தாகி... செத்திருக்காங்களா?"

"இல்லை. அண்ணர் ஒராள் செத்தவர். அது சண்டைக் காலம். நான் சின்னப் பிள்ளை. கால் முறிஞ்சு ரத்தம் போய்ச் செத்தவர்."

டொக்டர் பேனையை நிறுத்தினா. "காலுக்கு ஒப்பரேசன் செய்தாங்களா?"

"தெரியாது டொக்டர்."

டொக்டர் திரும்பிக் குணேஸ்வரியைப் பார்த்தா. "அம்மா, உங்களுக்குத் தெரியும்தானே. மயக்கினாங்களா அவரை? அப்ப உடம்பு விறைச்சதா, காய்ச்சல் மாதிரிச் சுட்டதா?"

"இல்லை" என்றாள் குணேஸ்வரி. கேள்வி முடிய முன்னமே சொன்னாள். "ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோற வழியிலயே போயிட்டான். ஒண்டும் செய்யேல்லை."

டொக்டர் இன்னும் ஒரு கணம் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தா. "தெரிஞ்சா மருந்த மாத்தலாம் அம்மா. தெரியாட்டி எங்களால ஒண்டும் செய்ய ஏலாது. அதுக்குத்தான் கேக்கிறன்."

குணேஸ்வரி இல்லையென்று தலையை ஆட்டினாள். டொக்டர் எழும்பிப் போனா.

ஜெயரூபிக்கு ஏதோ இடறியது. கல்யாணமான புதிதில் இராகுலன் அவளுக்கு அண்ணனைப் பற்றி ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தான். சவப்பெட்டிக்குள் அண்ணனைக் கிடத்தியிருந்தபோது காலில் வெள்ளைக் கட்டுப் போட்டிருந்ததாம். சுண்ணாம்புபோல இருந்த அந்தக் கட்டைத் தொட்டுப் பார்த்ததற்கு ஆரோ ஏசினார்களாம். வழியிலேயே செத்தவனின் காலுக்கு ஆர் கட்டுப் போட்டது?

ட்ரொலி வந்தது. இராகுலனை ஏற்றினார்கள். அவன் ஜெயரூபியின் கையைப் பிடித்து, "பிள்ளையப் பார்" என்றான். தள்ளிக்கொண்டு போனார்கள்.

ஜெயரூபி மாமியின் கையைப் பிடித்து வார்ட்டுக்கு வெளியே நடை ஓடைக்கு இழுத்துக்கொண்டு வந்தாள். வெளியே மழை பிடித்துவிட்டிருந்தது. தகரக் கூரையில் விழுகிற சத்தத்துக்கு மேலாகக் குரலை உயர்த்தித்தான் பேசவேண்டியிருந்தது.

"மாமி, அண்ணருக்கு ஆர் கட்டுப் போட்டது?"

"என்ன கட்டு?"

"பெட்டியில கிடக்கேக்க காலில கட்டிருந்ததாம். இவர் சொன்னவர். வழியில செத்தவருக்கு ஆர் மாமி கட்டுப் போடுறது?"

"அவன் சின்னப் பிள்ளை. அவனுக்கென்ன தெரியும்?"

"மாமி, என்ர முகத்தைப் பாருங்கோ."

குணேஸ்வரி பார்க்கவில்லை.

"அந்த டொக்டர் விறைச்சதா, சுட்டதா எண்டு கேக்கேக்க, கேள்வி முடிய முன்னமே இல்லையெண்டனீங்கள். நான் பாத்தனான். என்ன நடந்தது? சொல்லுங்கோ."

"அந்தக் கதைய எடுக்காத பிள்ளை. எடுத்தா இவனையும் எடுத்துப்போடுவா."

"ஆர்?"

"அம்மன்."

ஜெயரூபிக்குக் கோபம் வந்தது. வந்த கோபத்தில் மாமியின் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டாள். வாழ்க்கையில் அவள் அப்படிச் செய்தது அது ஒரு தரம்தான்.

"அங்க உங்கட பிள்ளைக்கு மருந்து அடிக்கப் போகினம். அவருக்கு ஒண்டு நடந்தா நான் அம்மனைக் கேக்கமாட்டன் மாமி. உங்களைத்தான் கேப்பன். பிரசாந்தினியும் உங்களைத்தான் கேப்பாள்."

குணேஸ்வரி சுவரோரம் கிடந்த மர வாங்கில் இருந்தாள். பிறகு மழையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"நான்தான் அனுப்பினனான்."

"எங்க?"

"கடலுக்கு. அம்மன் பொங்கலுக்கு விளக்கு வைச்சாச்சு. ஒருத்தரும் வள்ளம் இறக்கக் கூடாது. வீட்டில அரிசி இல்லை. பாதையெல்லாம் பூட்டு, நிவாரணமும் வரேல்லை. இவன் பசியில அழுறான். மூத்தவன் தவேந்திரன் மாட்டனெண்டுதான் சொன்னவன். நான்தான், விடியமுன்னம் போய் ரெண்டு மீன் பிடிச்சிட்டு வா ராசா, ஒருத்தருக்கும் தெரியாது எண்டு அனுப்பினனான். வள்ளம் கல்லில அடிச்சு, நடுவில சிக்குப்பட்டு அவன்ர தொடை முறிஞ்சிட்டுது."

"பிறகு?"

"கிடைச்ச வண்டியில கிடைச்ச ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனம். எலும்பைப் பொருத்த வேணும், மயக்கிறம் எண்டிச்சினம். நல்லாத்தான் கதைச்சுக்கொண்டு உள்ளுக்குப் போனவன் பிள்ளை. கட்டும் போட்டாச்சு. அதுக்குப் பிறகு உள்ளுக்குள்ள ஒரே ஓட்டம். ஐஸ், ஐஸ் எண்டு கத்திச்சினம். ஆஸ்பத்திரியில ஐஸ் இல்லை. மீன் வாடிக்கு ஆள் ஓடி மீனுக்குப் போடுற ஐஸைச் சாக்கில கொண்டு வந்தவை. பெத்த தாய் வந்து பாக்கட்டும் எண்டு என்னைக் கடைசியில உள்ளுக்கு விட்டவை. மேலெல்லாம் ஐஸ். தொட்டா அடுப்புக்கல்லு மாதிரிச் சுடுது. வாய் இறுகி, கை கால் மரக்கட்டை மாதிரி." அவள் நிறுத்தினாள். "அம்மன் சூட்டைப் போட்டிட்டா எண்டு எனக்கு விளங்கினது. நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. ரத்தம் போய்ச் செத்தவன் எண்டு சொன்னன். வேறென்ன சொல்லுவன்? நான்தான் கொண்டனான் எண்டோ?"

ஜெயரூபி எழும்பினாள். மாமியின் கையை விடவில்லை. இரண்டு பேரும் ஓடினார்கள். ஓடையின் கடைசியில் தியேட்டர் வாசல். ஒரு சிற்றூழியர் குறுக்கே வந்து, "இஞ்சால வர ஏலாது அக்கா" என்றார்.

"மயக்க மருந்து டொக்டரைக் கூப்பிடுங்கோ! மருந்து குடுக்க வேண்டாமெண்டு சொல்லுங்கோ!"

"உள்ளுக்குக் கொண்டுபோயாச்சு."

"கூப்பிடுங்கோ அண்ணை! அண்ணன்காரன் மயக்க மருந்திலதான் செத்தவர். உடம்பு விறைச்சு, சுட்டு, செத்தவர். அதை மட்டும் போய்ச் சொல்லுங்கோ!"

அந்த மனிதர் அவளுடைய முகத்தைப் பார்த்தார். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார்.

கதவு ஆடி ஆடி நின்றது. ஜெயரூபி கண்ணாடி வட்டத்தின் வழியே பார்க்க முயன்றாள். பச்சைத் துணிகளைத் தவிர எதுவும் தெரியவில்லை. மருந்து ஏறியிருக்குமோ என்று கதவில் உள்ளங்கையால் தட்டினாள். குணேஸ்வரி நிலத்தில் குந்திவிட்டாள்.

கதவைத் திறந்துகொண்டு வந்தது டொக்டர் ரிஸ்லா. முகமூடி கழுத்தில் தொங்கியது.

"இன்னும் குடுக்கல்ல" என்றா முதலில். "ஊசியில எடுத்து வைச்சாச்சு. குடுக்கல்ல. ஆர் பாத்தது? நீங்களா அம்மா?"

குணேஸ்வரி எழும்ப முயன்றாள். டொக்டர் அவளுக்கு முன்னால் தானும் குந்தினா.

"வாய் இறுகினதா?"

"ஓம் மகள். பல்லுப் பூட்டினமாதிரி."

"சுட்டது எப்ப? மயக்கின கையோடயா, ரெண்டு மூண்டு நாளைக்குப் பிறகா?"

"அண்டைக்கே. ஒரு பொழுதுக்குள்ள."

"காயத்தில சீழ், மணம் ஒண்டும் இல்லையா?"

"காலமை முறிஞ்ச கால் மகள். சீழ் வைக்க நேரமெங்க?"

டொக்டர் கண்ணை மூடித் திறந்தா. பிறகு ஜெயரூபியைப் பார்த்து வேகமாகவும் தெளிவாகவும் சொன்னா.

"கேளுங்க தங்கச்சி. சில குடும்பத்தில பிறக்கும்போதே உடம்பில ஒரு குணம் இருக்கும். மத்தப்படி ஒரு வருத்தமும் இருக்காது. சில மயக்க மருந்து பட்டா மட்டும் தசையெல்லாம் இறுகி உடம்பு கொதிக்கும். லட்சத்தில ஒருத்தருக்கு எண்டு வைச்சுக்கொள்ளுங்க. இவருக்கு நான் குடுக்க எடுத்து வைச்ச ஊசி அதில ஒண்டு. பிறகு காத்தில குடுக்கிற மருந்தும் அதில ஒண்டு. இவருக்கும் அந்தக் குணம் இருக்கெண்டு எனக்குத் தெரியாது. சந்தேகம்தான். ஆனா இதில சந்தேகமே போதும். வந்தா அதை அடக்கிற மருந்து இஞ்ச எங்களிட்ட இல்ல."

"அப்ப என்ன செய்யிறது டொக்டர்?"

"முள்ளந்தண்டில ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ விறைக்க வைக்கப்போறன். முழிச்சுக்கொண்டுதான் இருப்பார். அந்த மருந்து இந்தக் குணத்துக்குப் பிழை செய்யாது. ஆனா அதிலயும் ஆபத்து இருக்கு. காலையில இருந்து சத்தி எடுத்து உடம்பில தண்ணி இல்ல, பிரசர் சடாரெண்டு விழலாம். அதாலதான் முதல்ல அதை யோசிக்கல்ல. இப்ப சேலைனை நல்லா ஏத்திப்போட்டுக் குடுப்பன். நான் பக்கத்திலயே நிப்பன்."

"ஒண்டும் நடக்காதெண்டு சொல்லுங்கோ டொக்டர்."

"அப்பிடிச் சொல்ல ஏலா தங்கச்சி. நடந்தா உடன காணுவன் எண்டு சொல்லலாம்." அவ எழும்பினா. உள்ளே போகும்போதே, "மெசினில இருக்கிற மருந்துப் போத்தல கழட்டுங்க, குழாயெல்லாம் புதுசு மாத்துங்க, ஒட்சிசன் விட்டுக் கழுவுங்க" என்று ஆருக்கோ சொல்வது கேட்டது.

அதற்குப் பிறகு காத்திருப்புத்தான்.

முனீப் போகவில்லை. லொறியை மரத்தடியில் விட்டுவிட்டு, பிளாஸ்டிக் கோப்பைகளில் பிளேன்ரீயும் கடதாசியில் சுற்றிய பணிசும் கொண்டுவந்தான். ஜெயரூபி ஒரு முறடு குடித்தாள். குணேஸ்வரி கோப்பையைக் கையில் பிடித்தபடி இருந்தாள், குடிக்கவில்லை. மழை சரிந்து ஓடைக்குள்ளும் அடித்தது. பார்வையாளர் நேரத்துக்கு வந்தவர்கள் குடைகளை உதறிக்கொண்டு போனார்கள். ஒரு தரம் மின்சாரம் போய், ஜெனரேட்டர் உறுமி, விளக்குகள் திரும்ப எரிந்தன. அந்தச் சில கணங்களில் ஜெயரூபி எழும்பிக் கதவுவரை போய்விட்டாள்.

"உள்ளுக்குப் பற்றரி இருக்கும் தங்கச்சி. மெசின் நிக்காது. வந்து இரிங்க" என்றான் முனீப்.

குணேஸ்வரி திடீரென்று சொன்னாள்: "குடும்பத்தில ஆருக்கும் நடந்ததோ எண்டு இண்டைக்குக் கேட்டவை பிள்ளை. அண்டைக்கு ஆரும் இப்பிடிக் கேக்கேல்லை. கேட்டிருந்தாலும் என்னத்தைச் சொல்லியிருப்பன்? அவன்தானே முதலாவது."

ஜெயரூபி அவளருகே நெருங்கி இருந்தாள். சற்று முன்னர் உலுக்கிய தோளில் கையை வைத்தாள்.

பின்னேரமாகும்போது தியேட்டர் நேர்ஸ் மிஸ் ஒருத்தி வெளியே வந்தாள். இளம் பிள்ளை. இராகுலனின் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

"குடல் ஒரு துண்டு கறுத்துப்போச்சு. வெட்டித் தைக்கினம். அதால கூட நேரம் எடுக்குது. முதுகில போட்ட மருந்து விட்டுக்கொண்டு வருது, அவருக்கு நோகத் தொடங்கிட்டுது. இனி நித்திரையாக்கத்தான் வேணும் எண்டு சொல்லச் சொன்னவ."

"மயக்கவோ!" குணேஸ்வரி எழும்பினாள். கோப்பை கையிலிருந்து விழுந்து தேத்தண்ணி நிலமெல்லாம் ஓடியது. "வேண்டாமெண்டு சொல்லுங்கோ! டொக்டரைக் கூப்பிடுங்கோ!"

"டொக்டர் அவரை விட்டிட்டு வரமாட்டா அம்மா. அந்த ஊசி இல்லை, காத்து மருந்தும் இல்லை. நரம்பால மட்டும் ஏத்திற வேற மருந்து. அது அந்தக் குணத்துக்குப் பிழை செய்யாதாம். உங்களுக்கு அதைத்தான் விளங்கப்படுத்தச் சொன்னவ."

"உடம்பு சுடுதோ?"

"இல்லை."

"தொட்டுப் பாத்தனீங்களோ?"

"வயர் வைச்சிருக்கு அம்மா. சூடு எவ்வளவெண்டு திரையில காட்டிக்கொண்டே இருக்கு. டொக்டர் அதைத்தான் பாத்துக்கொண்டு நிக்கிறா."

"திரைய விடு மகள். நீ போய் ஒருக்காக் கையால தொட்டுப் பார். நெத்தியில தொட்டுப் பார்."

அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை. "தொட்டுப் பாக்கிறன் அம்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு குணேஸ்வரி இருக்கவில்லை. கதவுக்கும் யன்னலுக்கும் நடந்துகொண்டிருந்தாள். உள்ளே ஆரும் ஓடுகிற சத்தம் கேட்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் கதவடியில் நின்று காது கொடுத்தாள். ஓட்டம் இல்லை. எங்கோ ஒரு மெசின் ஒரே தாளத்தில் கீச்சிட்டுக்கொண்டிருந்தது. ஜெயரூபியும் அதையே கேட்டுக்கொண்டிருந்தாள். தாளம் கொஞ்சம் விரைவதுபோல் பட்டால் அவளுடைய மூச்சும் நின்றது. பிறகு அது தன்னுடைய நெஞ்சு அடிப்பதுதான் என்று விளங்கியது.

இருட்டுகிற நேரம் கதவு இரண்டு பக்கமும் விரியத் திறந்தது. ட்ரொலி. இராகுலனின் கண்கள் மூடியிருந்தன. கழுத்துவரை போர்த்தியிருந்தது. குணேஸ்வரி எல்லோரையும் விலக்கிக்கொண்டு போய்ப் போர்வைக்கு வெளியே தெரிந்த காலைப் பிடித்தாள். பிடித்ததும் அலறினாள்.

"ஐயோ, குளிர்ந்துபோய்க் கிடக்கிறானே! என்ர பிள்ளை குளிர்ந்துபோனானே!"

"அம்மா, அம்மா!" தலைமாட்டில் நின்ற டொக்டர் ரிஸ்லா அவளுடைய கையைப் பிடித்து இராகுலனின் நெஞ்சில் வைத்தா. "தியேட்டருக்குள்ள ஏசி. அந்தக் குளிர்தான். நெஞ்சு ஏறி இறங்குதா, பாருங்க. நல்லாப் பாருங்க."

நெஞ்சு ஏறி இறங்கியது. அதே கணத்தில் இராகுலனுடைய பற்கள் கிடுகிடுவென்று அடிக்கத் தொடங்கின. "குளிருது" என்றான் குழறலாக. பிறகு "அம்மா" என்றானா, "அம்மன்" என்றானா, தெரியவில்லை. குணேஸ்வரி தன் தோளிலிருந்த சால்வையை எடுத்து அவன் காலைச் சுற்றினாள். சுற்றிக்கொண்டே அழுதாள். அவ்வளவு நேரமும் அவள் அழவில்லை.

அன்றிரவு அவனை விசேட பிரிவில் வைத்துச் சூட்டையும் மூத்திரத்தின் நிறத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காய்ச்சல் வரவில்லை. புயலும் திருகோணமலையைத் தொடாமல் வடக்கே திரும்பிவிட்டது. வார்ட்டுக்கு மாற்றிய அன்று இராகுலன் மெலிந்த குரலில் கதை சொன்னான்.

"முழிப்புத்தான். குடலை இழுக்கிறது தெரியுது, நோவில்லை. வள்ளத்தில இருந்து வலை இழுக்கேக்க வள்ளம் ஒரு பக்கம் சரியுமே, அப்பிடி. ஒருக்காக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பிரசர் விழுதெண்டு அந்த டொக்டர் என்னவோ ஏத்தினா. என்னைக் கதைக்கச் சொல்லிக்கொண்டே இருந்தா. என்ன மீன் இப்ப படுது, கீரிமீன் எந்த மாசம், சாளைக் கருவாட்டுக்கு எவ்வளவு உப்பு. எல்லாம் கேட்டவ."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?" என்றாள் ஜெயரூபி.

"உப்புக் கணக்கு எனக்கெங்க தெரியும்? மனுசியைக் கேளுங்கோ எண்டனான்."

டொக்டர் ரிஸ்லா பகல் வந்தா. இந்தத் தடவையும் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தா. இராகுலன் இனி எங்கே மருந்தெடுக்கப் போனாலும் இந்த விசயத்தை முதலில் சொல்லவேண்டும் என்றா. பிரசாந்தினிக்கும் அது இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பல்லுப் பிடுங்குவதென்றாலும் சொல்லிவிட்டுத்தான் செய்யவேண்டும் என்றா. தாய் வழியில் வந்ததா தகப்பன் வழியில் வந்ததா தெரியாது, இரண்டு பக்கத்துச் சொந்தக்காரருக்கும் சொல்லுங்கள் என்றா.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த குணேஸ்வரி கடைசியில் கேட்டாள்: "அப்ப அம்மன் எடுக்கேல்லையோ மகள்?"

டொக்டர் கதிரையை அவளுக்குக் கிட்ட இழுத்தா.

"அம்மனைப் பத்தி நான் சொல்ல ஏலா அம்மா. எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றன். அந்தக் குணம் இருந்ததெண்டா, அவர் உங்கட வயித்தில இருக்கேக்கயே இருந்தது. நீங்க கடலுக்கு அனுப்பினதால வரல்ல. அண்டைக்கு அவர் கோயிலடியில விழுந்து காலை முறிச்சிருந்தாலும், அந்த மருந்து பட்டா அதேதான் நடந்திருக்கும்."

"அவையளுக்குத் தெரியாதோ?"

"தெரிஞ்சிருக்காது. எனக்கும் தெரியாது அம்மா, நீங்க சொல்லாட்டி. அந்த ஊசி என்ட கையில இருந்தது."

குணேஸ்வரி இராகுலனின் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். ஆறுதல் அடைந்தவள்போல அவள் தோன்றவில்லை. இத்தனை வருசமும் ஒரு பாவத்தைச் சுமந்திருந்தவள், இப்போது அதை எங்கே இறக்கிவைப்பதென்று தெரியாமல் இருப்பதாக ஜெயரூபிக்குப் பட்டது.

"நல்லாத்தான் கதைச்சுக்கொண்டு உள்ளுக்குப் போனவன்" என்றாள் மறுபடி, ஆருக்கென்றில்லாமல்.

அடுத்த நாள் விடியப் பார்த்தால் அவள் குளித்து, சேலை மாற்றி, கையில் பையோடு நின்றாள்.

"எங்க மாமி வெளிக்கிட்டியள்?"

"ஈச்சிலம்பற்றுக்கு. தங்கச்சி வீட்டை."

"இந்த மழைக்குள்ளயோ? போனில சொல்லுங்கோவன்."

"போனில சொல்லுற கதையில்லை பிள்ளை. தங்கச்சியின்ர மகளுக்கு இது பேறு மாசம். வெட்டித்தான் எடுக்க வேணும் எண்டு சொல்லியிருக்கினமாம்."

வயல்களில் வெள்ளம் நின்றது. வெருகல் பக்கம் போகும் பஸ் ஊர்ந்து ஊர்ந்துதான் போனது. நெல் பயிர் தண்ணிக்குள் தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. இறங்கி, சேற்றுப் பாதையில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து, தங்கச்சியின் வீட்டுப் படலையைத் திறந்தாள் குணேஸ்வரி.

"அக்கா! இராகுலனுக்கு எப்பிடி? நாங்கள் வரத்தான் இருந்தம், றோட்டில தண்ணி..." என்று தங்கச்சி ஓடிவந்தாள்.

"சுகமா இருக்கிறான். மகள் எங்க?"

"உள்ளுக்குப் படுத்திருக்கிறாள். இருங்கோ, தேத்தண்ணி போடுறன்."

"தேத்தண்ணி பிறகு. அவளைக் கூப்பிடு. மருமகனையும் கூப்பிடு. எல்லாரும் வாங்கோ."

தங்கச்சியின் மகள் வயிற்றைத் தாங்கியபடி வந்து கதிரையில் இருந்தாள். மருமகன் கதவு நிலையில் சாய்ந்து நின்றான். கொண்டுவந்து கொடுத்த தண்ணியைக் குணேஸ்வரி ஒரே மூச்சில் குடித்தாள். செம்பைக் கீழே வைத்தாள்.

"என்ர மூத்தவன் தவேந்திரன் ரத்தம் போய்ச் செத்தவன் எண்டு உங்களுக்குச் சொன்னனான்" என்றாள். "அது பொய். எப்பிடிச் செத்தவன் எண்டு இப்ப சொல்லுறன். வடிவாக் கேட்டு, ஆஸ்பத்திரியில போய் அப்பிடியே சொல்லுங்கோ."